துடுப்பு யார் கையில்?

கோயில் இளைஞர் பிரிவு, தாமான் குடியிருப்பாளர் சங்கம், மணிமன்றக் கிளை என்று எந்தப் பெயரில் கூடினாலும், ஜோகூர் பாருவின் தம்போய் வட்டாரத்துத் தமிழ் இளைஞர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது வார இறுதியில் ஒரு பயணம் போகிறார்கள். அந்தப் பயணத்துக்குள் எப்படியும் ஒரு படகு வந்துவிடுகிறது. மலாக்கா ஆற்றில் ஒரு சுற்று, குக்குப்பில் கடல்மேல் நிற்கும் கெலோங் வீட்டில் ஓர் இரவு, கோத்தா திங்கியில் மின்மினி பார்க்க ஓர் ஓட்டம் என்று ஏதோ ஒன்று அமைந்துவிடும். ஏற்பாட்டாளர்களைக் கேட்டால், பிள்ளைகளுக்குப் படகு பிடிக்கும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பிடித்த ஒன்றைக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு நாம் நின்றுவிடுகிறோம். படகு இளைஞர்களுக்கு என்ன செய்ய முடியும், நம் பயணங்களில் அது என்ன செய்கிறது என்ற கேள்வியை எந்தக் கூட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் நல்ல பழக்கம், காப்பாற்றப்பட வேண்டியது. ஆனால் இப்போது நடக்கும் விதத்தில் அதன் சிறந்த பகுதி வீணாகிறது. படகில் செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் இளைஞர்கள் கையிலிருந்து எடுத்துவிட்டு, அவர்களை வெறும் பயணிகளாக உட்கார வைக்கிறோம். என் குறை அதுதான்.

முதலில் நன்மையைச் சொல்ல வேண்டும். ஜோகூரில் வார இறுதி என்பதே கொஞ்ச காலம் சிக்கலாக இருந்தது. 2014 சனவரி முதல் 2024 முடியும் வரை இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் சனியும் ஞாயிறும். தம்போயில் ஒரே வீட்டில் அண்ணன் சிங்கப்பூரில் வேலை, தங்கை இங்கே இடைநிலைப்பள்ளி என்றால், இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது சனி ஒரு நாள்தான். இரண்டு நாள் பயணம் போட்டால் பாதிப் பேர் வர முடியாது. 2025 சனவரி 1 முதல் சனியும் ஞாயிறும் இங்கும் விடுமுறை ஆன பிறகுதான், இருபது வயதுக்காரனும் பதினாறு வயதுக்காரியும் ஒரே பேருந்தில் ஏறும் வாய்ப்பு திரும்பி வந்திருக்கிறது. பதினோர் ஆண்டுகள் கழித்துக் கிடைத்திருக்கும் இந்த இரண்டு நாட்களை எப்படிச் செலவிடுகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

அந்தப் பேருந்தில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்ப் பட்டறைக்குப் போகிறவன், படிவம் ஐந்து முடித்து எஸ்பிஎம் முடிவுக்குக் காத்திருக்கிறவள், கிடங்கில் இரவு வேலை பார்க்கிறவன், இன்னும் என்ன செய்வதென்று தெரியாமல் மாமாக் கடையில் உட்கார்ந்திருக்கிறவன். வாரம் முழுதும் இவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. குண்டர் கும்பல் தேடி அலைவதும் இந்தக் கடைசி வகைப் பையன்களைத்தான். அவனைப் பெயர் சொல்லி அழைத்து, "தம்பி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துடு" என்று சொல்ல ஓர் அண்ணன் இருப்பதே பெரிய காரியம். பேருந்தில் அவரவர் வழக்கமான கூட்டாளியோடுதான் உட்காருவார்கள். படகில் அது முடியாது. எடை பார்த்து இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர் என்று பிரித்து உட்கார வைப்பார்கள். எழுந்து போக இடமில்லை. முன்பின் பேசாத இரண்டு பேர் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து பேசத் தொடங்குவதைப் படகில்தான் பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் நடக்கும் தலைமைத்துவப் பட்டறைகளில் இது நடப்பதில்லை.

மலாக்காவை எடுத்துக்கொள்வோம். நம் மன்றங்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் இடம் அது. படகுத்துறையில் ஏறினால் ஆற்றின் இரு கரையிலும் பழைய கிடங்குகளின் முதுகு, சுவரோவியங்கள், கம்போங் மோர்த்தன் வீடுகள், கரையேறி வெயில் காயும் உடும்புகள். சுமார் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜார்ஜ் டவுனோடு சேர்த்து மலாக்காவை 2008 சூலையில் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. அதற்கு முன்பே மாநில அரசு ஆற்றைச் சீரமைக்கத் தொடங்கியிருந்தது. கரைகளுக்குச் சுவர் எழுப்பி, கடல் ஏற்ற இறக்கம் உள்ளே பாதிக்காதபடி முகத்துவாரத்தில் தடுப்பு மதகு போட்டு, எப்போதும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஆறு அங்கே கால்வாயாகிவிட்டது என்றே சொல்லலாம். படகுக்கு அது வசதி. ஆற்றுக்கு அது எவ்வளவு நல்லது என்பது வேறு கேள்வி.

தமிழ் இளைஞர்களுக்கு மலாக்கா ஆறு வெறும் காட்சி அல்ல. போர்ச்சுக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தபோது, இங்கிருந்த தமிழ் வணிகர்களில் முதன்மையானவர் நைனா சாத்து. அவரைத்தான் அவர்கள் பெண்டஹாரா என்ற உயர் பதவியில் நியமித்தார்கள். 1514இல் பதவி வேறொருவருக்குக் கைமாறியபோது அவர் தானே மூட்டிய தீயில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்ச்சுக்கீசிய வரலாறு கூறுகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்த கப்பல்களின் சரக்கு இந்த ஆற்றுமுகத்தில்தான் சிறு படகுகளுக்கு மாறியது. அந்த வணிகர்களின் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகள் இன்றும் காஜா பேராங்கில் இருக்கிறார்கள். மலாய் பேசிக்கொண்டு, மாரியம்மனுக்குப் பொங்கலிட்டு வாழ்கிறார்கள். ஆற்றிலிருந்து சில நிமிட நடையில் துக்காங் எமாஸ் சாலை. அங்கே 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம், அதே தெருத் தொடர்ச்சியில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், அடுத்து செங் ஹூன் தெங் சீனக் கோயில். படகிலிருந்து இறங்கியவர்கள் இந்தத் தெருவை நடந்து கடந்தால் ஐந்நூறு ஆண்டு வணிக வரலாறு காலுக்குக் கீழே வரும்.

நம் பயணங்களில் அது வருவதில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. தம்போயிலிருந்து மலாக்கா இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் ஓய்விடத்தில் நின்று பசியாறிவிட்டுப் போனால் போக மூன்று மணி, வர மூன்று மணி. நடுவே சாப்பாடு, சாமான் வாங்கும் தெரு, குழுப்படம். படகுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியிலும் ஒலிபெருக்கியில் ஒரு பதிவுக்குரல் ஓடும், பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். ஒருவரும் நைனா சாத்துவின் பெயரைக் கேட்காமல் திரும்புவார்கள். நம்மோடு வரும் அண்ணன்மாரில் ஒருவர் முந்தைய வாரம் இரண்டு மணி நேரம் படித்துவிட்டு வந்தால் போதும், அந்தப் பயணத்தின் தரமே மாறிவிடும். அதற்குப் பணம் தேவையில்லை.

ஆனால் கதை சொல்வதால் மட்டும் குறை தீராது. மலாக்காப் படகில் இளைஞன் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. கட்டணம் கட்டுகிறான், உட்காருகிறான், இறங்குகிறான். படகு எப்படித் திரும்புகிறது, பாலத்தடியில் ஏன் வேகம் குறைகிறது, எதிரே வரும் படகுக்கு எந்தப் பக்கம் வழி விட வேண்டும் என்பதெல்லாம் ஓட்டுநரின் கவலை. நாற்பது பேர் ஏறிய படகில் ஒருவர்தான் வேலை செய்கிறார்.

இங்கே இங்கிலாந்துக் கால்வாய்களை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். அங்கும் சாரணர் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் வார இறுதிப் படகுப் பயணம் போகின்றன. தொழிற்புரட்சிக் காலத்தில் நிலக்கரியும் மண்பாண்டமும் ஏற்றிச் செல்ல வெட்டிய கால்வாய்கள் அவை. குதிரை கரையில் நடந்து இழுக்க, படகில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. இரயிலும் லாரியும் வந்த பிறகு அவை பாழாகி, பல இடங்களில் மூடப்படும் நிலைக்கு வந்தன. எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் தன் படகு வாழ்க்கையைப் பற்றி 1944இல் ஒரு நூல் எழுதினார். 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் பிறந்தது. தன்னார்வலர்கள் வார இறுதிகளில் சேற்றில் இறங்கித் தூர்வாரினார்கள். இன்று அங்கும் வேல்சிலுமாக 3,200 கிலோமீட்டர் நீர்வழி ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

அந்தக் கால்வாய்களில் ஓடும் படகின் அகலம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும், நீளமோ இருபது மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. மணிக்கு நான்கு மைல்தான் வேக வரம்பு, அதாவது வேகமாக நடப்பவனின் வேகம். பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றினால் சட்டம் அதை வேறு வகைக் கப்பலாகக் கருதும் என்பதால், குழு பன்னிரண்டுக்குள் நிற்கும். மேடு வந்தால் லாக் வரும். முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு நீர்த்தொட்டி அது. படகு உள்ளே போனதும் கதவை மூடி, மதகைத் திறந்து நீரை நிரப்பி, படகு மேல்மட்டத்துக்கு உயர்ந்ததும் முன்கதவைத் திறக்க வேண்டும். அதையெல்லாம் செய்வது பயணிகளே. கரையில் குதித்துக் கயிறு பிடிப்பவன் ஒருவன், முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளுகிறவர்கள் நால்வர், சுக்கான் பிடித்திருப்பவள் ஒருத்தி, உள்ளே எல்லாருக்கும் சமைப்பவர்கள் இருவர். கதவைப் பாதி மூடிவிட்டுப் போக முடியாது. மதகை அவசரப்பட்டுத் திறந்தால் படகு சுவரில் மோதும். பள்ளியில் யாரும் எதையும் நம்பிக் கொடுக்காத பையனுக்கு, பதினைந்து டன் படகின் சுக்கானை ஒரு மணி நேரம் கொடுக்கிறார்கள். அவன் அதைத் தாறுமாறாகத் திருப்பி, கரையில் மோதி, மெல்லக் கற்றுக்கொள்கிறான். மெதுவாகப் போவதால் மோதினாலும் பெரிய சேதமில்லை. இந்தப் பழக்கத்தின் உயிரே அந்த வேகக் குறைவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அங்கும் குறைகள் உண்டு. குளிர், இடநெருக்கடி, நாள் வாடகை அதிகம், கயிற்றில் விரல் மாட்டும் விபத்துகள். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது; கொண்டுவரவும் வேண்டாம். ஆனால் சிறு குழு, மெதுவான படகு, ஆளுக்கொரு வேலை என்ற மூன்றும் நமக்குப் புதியவையும் அல்ல. சென்னையில் பக்கிங்காம் கால்வாய் ஓடிய காலத்தில், மாமல்லபுரம் போகிறவர்கள் மாலையில் படகேறி இரவு முழுதும் கால்வாயில் போய்க் காலையில் இறங்குவார்கள். 1877-78 பஞ்சத்தில் சாகக் கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பகுதியும் அதில் உண்டு. அந்தக் கால்வாயிலும் லாக் கதவுகள் இருந்தன. நமக்கு இன்னும் பக்கத்தில், ஜோகூர் கடற்பாலம் 1924இல் திறக்கப்பட்டபோது அதன் ஜோகூர் முனையில் சிறு படகுகள் நீரிணையைக் கடக்க ஒரு லாக் இருந்தது. 1942 சனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தது. போருக்குப் பின் பாலம் எழுந்தது, லாக் எழவில்லை. தினமும் அதன்மேல் மோட்டார் சைக்கிளில் போகும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஜோகூரே ஆற்றில் பிறந்த மாநிலம். மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட கங்சூக்கள் என்ற சீன ஆற்றுத் தலைவர்கள் ஒவ்வோர் ஆற்றங்கரையிலும் குடியேறித்தான் இந்த நிலம் திருந்தியது. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்தின் எச்சம். நாம் தோட்டங்களுக்கு வந்தபோது இரயிலும் சாலையும் வந்துவிட்டன. ஆறு நமக்கு வெள்ளமாகவே அறிமுகமானது. 2006 திசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கியை இரண்டு முறை மூழ்கடித்த வெள்ளம் எத்தனையோ நம் குடும்பங்களின் நினைவில் இன்னும் இருக்கிறது.

அடுத்து குக்குப். தம்போயிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல்மேல் மரத்தூண்களில் நிற்கும் வீடுகள், எதிரே ஆளில்லாத சதுப்புநிலத் தீவு. 647 ஹெக்டேர் பரப்பில் கண்டல் மரம் மட்டுமே உள்ள அந்தத் தீவு, 1997இல் ஜோகூர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2003 சனவரி 31இல் தஞ்சோங் பியாய், பூலாய் ஆறு ஆகியவற்றோடு சேர்த்து ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. உலகம் பாதுகாக்க வேண்டும் என்று பட்டியலிட்ட மூன்று ஈரநிலங்கள் நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. அந்த இடத்துக்குப் போய் நாம் செய்வது என்ன? கெலோங் வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, கரோக்கே போட்டு, கோழி வாட்டி, நள்ளிரவு வரை ஆடுவது. பக்கத்து வீட்டில் இன்னொரு குழுவும் அதையே செய்கிறது. ஆட்டம் பாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு வந்தவனுக்கு அது தேவை. ஆனால் அதற்குக் குக்குப் வரை போக வேண்டியதில்லை, தம்போயிலேயே மண்டபம் இருக்கிறது. காலையில் ஒன்பது மணிக்கு எழுந்து, தண்ணீர் வற்றிக் கண்டல் வேர்கள் வெளியே தெரியும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டு, பேருந்தேறி வந்துவிடுகிறோம்.

குக்குப்பில் இன்னொரு குறை உண்டு. இரவு தங்கல் என்றவுடன் பெண்பிள்ளைகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். மதுப்புட்டி வரும் என்று பெற்றோருக்குத் தெரியும். பெண் பொறுப்பாளர் யார் என்று கேட்டால் பதில் இருக்காது. இளைஞர் பயணம் என்று பெயர் போட்டுவிட்டுப் பையன்கள் பயணமாக முடிகிறது. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு அக்காமார் பொறுப்பில் தனி அறை, மதுவுக்குத் தடை, இரவில் கைப்பேசியில் அழைக்க ஓர் எண் என்று ஏற்பாட்டுக் குழு எழுத்தில் கொடுத்தால் அனுப்பத் தயாராக இருக்கும் அம்மாக்கள் தம்போயில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மின்மினிப் பயணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோத்தா திங்கியில் இருட்டிய பிறகு ஜோகூர் ஆற்றில் போய், கரைமரங்களில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து மின்னும் பூச்சிகளைப் பார்த்துவிட்டு வருவது அருமையான அனுபவம்தான். அங்கே நம் குழுக்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. கோலா சிலாங்கூரில் கம்போங் குவாந்தானில் இயந்திரம் இல்லாத மரச் சம்பானில் நான்கு பேரை ஏற்றி ஒருவர் துடுப்புப் போட்டு அழைத்துப் போவார். சத்தமில்லை, புகையில்லை, அலையில்லை. பயணியும் பேச்சைத் தானாகக் குறைத்துக்கொள்கிறார். படகின் அளவும் வேகமுமே நடத்தையைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு அது நல்ல சான்று. பெரிய இயந்திரப் படகில் நாற்பது பேரை ஏற்றிவிட்டு "அமைதியாக இருங்கள்" என்று கத்துவதில் பயனில்லை.

இனிப் பாதுகாப்பு. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

1025இல் கடாரம் சென்ற ராஜேந்திர சோழனின் கடற்படையைப் பற்றி நம் பிள்ளைகள் மேடையில் உணர்ச்சியோடு பேசுகிறார்கள். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடிய ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நீந்தத் தெரியாது. பதிவுப் பாரத்தில் பெயர், அடையாள அட்டை எண், சைவமா அசைவமா, டி-சட்டை அளவு எல்லாம் கேட்கிறோம். நீந்தத் தெரியுமா என்று கேட்பதில்லை. வலிப்பு உண்டா, ஆஸ்துமா உண்டா என்றும் கேட்பதில்லை. நான் போன ஒரு பயணத்தில் லைஃப் ஜாக்கெட்டுகள் படகின் கூரையடியில் கட்டுப்போட்டபடியே இருந்தன. கேட்டதற்கு, "ஆறு ஆழமில்லை அண்ணே" என்று பதில் வந்தது. எங்களில் யாரும் மேற்கொண்டு பேசவில்லை.

2009 அக்டோபர் 26 இரவு, கம்பாரில் கோலா திப்பாங்கில் நடந்த ஒரு மாணவர் முகாமில் ஆற்றுக்கு மேலிருந்த தொங்குபாலம் அறுந்து விழுந்து மூன்று தமிழ்ப்பள்ளி மாணவிகள் இறந்தார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2010 சனவரி 17இல் பினாங்கில் டிராகன் படகு கவிழ்ந்து ஐந்து மாணவர்களும் ஓர் ஆசிரியரும் மாண்டார்கள். தமிழ்நாட்டுப் பயணிகள் அதிகம் போகும் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30இல் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைக் கண்டு எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்ததாக அப்போது செய்திகள் வந்தன. கேரளத்திலேயே தானூரில் 2023 மே 7இல் 22 பேர். மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாப் படகாக்கி, அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். இந்தப் பட்டியலில் புயலோ பேரலையோ இல்லை. கட்டுமானம், ஆள் எண்ணிக்கை, ஆட்கள் உட்கார்ந்த விதம் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். இவை எல்லாமே கரையில் நின்று கேட்கக்கூடிய கேள்விகள். இந்தப் படகுக்கு எத்தனை பேர் அனுமதி, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, யாரும் எழுந்து ஒரு பக்கம் ஓடக் கூடாது என்று யார் சொல்வது. கேட்பதற்கு ஒருவரை நியமித்திருக்க வேண்டும், பதில் சரியில்லை என்றால் "ஏற மாட்டோம்" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். முன்பணம் போனால் போகட்டும்.

படகைவிடச் சாலைதான் ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2025 சூன் 9ஆம் தேதி அதிகாலை கெரிக்கில் பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தது இந்த நாட்டை உலுக்கியது. இரவு பத்து மணிக்குக் கோத்தா திங்கியிலோ மலாக்காவிலோ புறப்பட்டு நள்ளிரவில் தம்போய் சேரும் திட்டங்களை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். நாள் முழுதும் ஓட்டிய ஓட்டுநரே இரவும் ஓட்டுகிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. தொலைதூரப் பயணங்களைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் திட்டமிடுகிறார்கள் என்பதும் முக்கியம். இளைஞர் வயதின் மேல்வரம்பை 40இலிருந்து 30ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தை 2019இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதே ஆண்டு வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் திருத்தமும் நிறைவேறியது. பதினெட்டு வயதில் நாட்டின் அரசை நிர்ணயிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நம் மன்றங்களில் பதினெட்டு வயதுக்காரருக்கு மதிய உணவு எங்கே என்று தீர்மானிக்கும் உரிமைகூட இல்லை. முப்பத்தைந்து வயது அண்ணன்மார் பேருந்து பேசி, படகு பேசி, சாப்பாடு பேசி, டி-சட்டை அச்சடித்து, கடைசியில் தம்பிமாருக்குக் கொடுப்பது இருக்கையை மட்டும். அண்ணன்மாரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை, வேலை முடிந்து வந்து தூக்கம் கெடுத்துச் செய்கிறார்கள். அந்த உழைப்பில் பாதியைத் தம்பி தங்கைகளுக்குக் கொடுத்திருந்தால் அதுவே பயிற்சி. பதினேழு வயதுப் பெண் படகுக்காரரிடம் மலாயில் பேசி விலை குறைத்து, ஆள் எண்ணிக்கை கேட்டு, இரசீது வாங்கி வந்தால் அவள் கற்றுக்கொள்வது எந்த உரையிலும் கிடைக்காது. ஒரு தடவை தப்பாகப் போகும், பணம் கொஞ்சம் வீணாகும். பரவாயில்லை.

தூரத்து ஆறுகளுக்குப் போகும் நாம் நம் ஆற்றைப் பார்ப்பதில்லை என்பதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய குறையாக எனக்குப் படுகிறது. தம்போய்க்கு அருகே ஸ்கூடாய் ஆறு ஓடி ஜோகூர் நீரிணையில் கலக்கிறது. வழியில் தொழிற்பேட்டைகளின் கழிவும் வீட்டுச் சாக்கடையும் அதில் சேர்கின்றன. ஜோகூர் பாருவின் நடுவில் ஓடிய செகெட் ஆற்றைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள், பிறகு தவறு உணர்ந்து திறந்து சீரமைத்தார்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறிச் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் பள்ளிகளில் நம் பிள்ளைகளும் படித்தார்கள். தன் ஊர் ஆறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத இளைஞன், நாளை அதில் யாராவது விஷம் கொட்டினால் என்ன சொல்லிப் புகார் கொடுப்பான்?

நீரிணைக் கரையில் சுங்கை தெமோன், பக்கார் பத்து போன்ற கம்போங்குகளில் ஓராங் செலெத்தார் மக்கள் வாழ்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே வாழ்ந்தவர்கள், இந்தக் கண்டல் காடுகளின் ஒவ்வொரு ஓடையும் அறிந்தவர்கள். கடற்கரையில் கட்டடங்கள் எழ எழ, நிலத்துக்காக நீதிமன்றப் படியேற வேண்டிய நிலைக்கு வந்தவர்கள். தங்கா பே பக்கம் போனால் அவர்கள் கூப்பாங் சிப்பி எடுக்கும் படகுகளைப் பார்க்கலாம். தம்போயிலிருந்து அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். அவர்களிடம் முறையாகப் பேசி, உரிய கூலி கொடுத்து, எட்டு பத்துப் பேராகச் சிறு படகில் போய், ஒரு காலைப் பொழுதில் துடுப்புப் பிடிக்கவும் நீரோட்டம் பார்க்கவும் கற்றுக்கொண்டால், மலாக்காவின் முக்கால் மணியைவிட அது எத்தனையோ மடங்கு மேல். பேருந்துச் செலவில் பாதி மிச்சமாகும். அதைக் கொண்டு பத்துப் பிள்ளைகளை நகராண்மைக் கழக நீச்சல் குளத்தில் வகுப்பில் சேர்க்கலாம்.

இதற்கு எதிராக ஏற்பாட்டாளர்கள் சொல்வதும் நியாயமானதே. நாற்பது பேரை நான்கு குழுவாகப் பிரித்தால் நான்கு மடங்கு பொறுப்பாளர்கள் வேண்டும். பக்கத்து ஆற்றுக்கு என்றால் பிள்ளைகள் "இதுக்கா கூப்பிட்டீங்க?" என்பார்கள். துடுப்பைக் கையில் கொடுத்தால் விபத்து நடந்தபின் பெற்றோர் யாரைக் கேட்பார்கள்? முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தான்: ஆண்டுக்கு ஒரு பெரிய பயணத்துக்குப் பதில் நான்கு சிறிய பயணங்கள் போடுங்கள், அவற்றில் ஒன்று மட்டும் தொலைவாக இருக்கட்டும். மூன்றாவது கேள்வி கடினமானது. ஆனால் பெரிய படகில் கேள்வி கேட்காமல் ஏற்றும்போதும் அதே பொறுப்பு நம் தலையில்தான் இருக்கிறது, நாம் அதை உணர்வதில்லை, அவ்வளவுதான். நீந்தத் தெரிந்தவர்கள், லைஃப் ஜாக்கெட் கட்டியவர்கள், பத்துப் பேருக்குள், இடுப்பளவு நீரில் தொடங்கிப் பழகும் குழு, முன்பின் தெரியாத ஓட்டுநரை நம்பி உட்கார்ந்த நாற்பது பேரைவிடப் பாதுகாப்பானது.

ஆகவே மன்றப் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த பயணத்துக்கான பதிவுப் பாரத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன், டி-சட்டை அளவுக்கு மேலே "நீந்தத் தெரியுமா?" என்ற வரியைச் சேருங்கள். "இல்லை" என்று எழுதியவர்களை முதலில் குளத்துக்கு அழைத்துப் போங்கள். படகு பேசும் வேலையை இருபது வயதுக்கு உட்பட்ட இருவரிடம், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கும்படி, ஒப்படையுங்கள். மலாக்கா எங்கேயும் போய்விடாது. இந்த ஆண்டு ஸ்கூடாய் முகத்துவாரத்திலிருந்து தொடங்குங்கள்.